வேர்க்கிற படகு

குருநகர் இறங்குதுறையில் யாகப்புவின் படகு ஒழுகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை ஒழுக்கு என்று ஒத்துக்கொள்ளாதவர் யாகப்பு ஒருவர்தான். காலையில் தொழில் முடிந்து கரைக்கு வரும்போது படகின் அடியில் கணுக்கால் மறையத் தண்ணீர் நிற்கும். யாராவது அதைப் பார்த்து ஏதாவது சொல்லிவிட்டால் அவர் திரும்பி நின்று கேட்பார்.

"பைபர் போட் எண்டால் வேர்க்கும். பகல் முழுக்க வெயிலுக்கை கிடந்திட்டுத் தண்ணியிலை இறங்கினால் உனக்கு வேர்க்காதோ?"

அடுத்த நாளும் படகு வேர்த்திருக்கும்.

எங்கள் குறுகிய ஒழுங்கையில் நான் அவருடைய பக்கத்து வீடு. நடுவில் ஒரு தகர வேலி மட்டும். யாகப்புவுக்கு ஐம்பத்தெட்டு வயது, கட்டையான உருவம், எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கதைத்துப் பழகிய தொண்டை. மனைவி கத்தரீனாவோடு அவர் இரகசியம் பேசினால் எனக்கு அது வானொலிச் செய்தி மாதிரிக் கேட்கும். அடுத்தவருடைய எஞ்சினில் என்ன கோளாறு என்பதைத் தன் முற்றத்தில் இருந்தபடியே சொல்லிவிடுவார். தூரத்தில் ஒரு படகு இருமினால், "பிளக்கைக் கழட்டித் துடைக்கச் சொல்லு," என்பார். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். அதனாலேயோ என்னவோ, "எனக்குத் தெரியாது" என்ற வார்த்தை அவர் வாயில் பழகவே இல்லை.

அந்தப் படகு நாட்டில் சண்டை முடிந்த பிறகு ஏதோ ஒரு நிறுவனம் யாரோ ஒருவருக்குக் கொடுத்தது. அவர் கனடாவுக்குப் போகிறபோது யாகப்புவுக்கு விற்றுவிட்டுப் போனார். யாகப்பு அதற்கு நீலப் பெயின்ற் அடித்து, பக்கத்தில் 'புனித யாகப்பர்' என்று எழுதினார். எத்தனை தரம் அடித்தும், நிறுவனத்தின் சின்னமாக இருந்த இரண்டு கைகள் குலுக்குகிற படம் பெயின்றுக்குக் கீழே இலேசாகத் தெரிந்துகொண்டே இருந்தது. வெயில் சரிந்து விழுகிற நேரம் பார்த்தால் புனித யாகப்பர் யாரோடோ கை குலுக்குவார்.

ஆழம் குறைந்த பரவைக்கடலில் நண்டு வலை போடுவதுதான் தொழில். கூட்டாளி பிலிப்பு. பிலிப்பு அந்தப் படகில் நண்டு கழற்றியதைவிடத் தண்ணீர் அள்ளியதுதான் அதிகம். பாதியாக வெட்டிய பிளாஸ்ரிக் கான் ஒன்று எப்போதும் அவர் கையில் இருக்கும். வலை வளைக்கும்போது அள்ளுவார், வலை இழுத்தபிறகு அள்ளுவார், தேத்தண்ணி குடிக்கும்போது இடக்கையால் அள்ளுவார். ஒருநாள் கரைக்கு வந்து இறங்கியதும் முதுகை நிமிர்த்திப் பார்த்தார். அது முழுதாக நிமிரவில்லை.

"அண்ணை, நான் கடல் தொழிலுக்கு வந்தனான். உங்கடை போட்டுக்கு வேர்வை துடைக்க வரேல்லை," என்றார். கானை எடுத்துக்கொண்டு வேறு படகுக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு யாகப்பு தனியாகப் போனார். ஒரு கை எஞ்சின் பிடியில், மற்றக் கை வாளியில். கரையில் நின்று பார்ப்பவர்களுக்கு அவர் கடலைக் கடலுக்குள் ஊற்றிக்கொண்டு போவது மாதிரித் தெரியும்.

இந்த நிலையில்தான் புத்தூரில் ஒரு மாடு காணாமல் போனது.

அது சம்மந்தி கேதீஸ்வரியின் மாடு. யாகப்புவின் ஒரே மகள் ஜெசிதா மருதனார்மடத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தோட்டத்துக்குக் கிருமிநாசினி விசிறிக் கை எரிந்துபோய் மருந்து வாங்க வந்த மயூரதன் என்ற பொடியனைக் கண்டு விரும்பிவிட்டாள். அவன் கை ஆறிய பிறகும் மருந்து வாங்க வந்துகொண்டே இருந்தான். புத்தூரில் வெங்காயமும் புகையிலையும் போடுகிற சைவக் குடும்பம். இரண்டு வீட்டிலும் கொஞ்ச நாள் யாரும் யாரோடும் கதைக்கவில்லை. பிறகு கோயிலிலும் ஒருமுறை, சேர்ச்சிலும் ஒருமுறை என்று கலியாணம் முடிந்தது. சமயம் தனக்குப் பிரச்சினை இல்லை என்று யாகப்பு எல்லோரிடமும் சொன்னார். செவ்வாயும் வெள்ளியும் நண்டு தின்னாத ஒருவனோடு என்னத்தைக் கதைப்பது என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை.

மாமனும் மருமகனும் சந்தித்தால் உரையாடல் இப்படி நடக்கும்.

"உங்கடை பக்கம் மழையோ?"

"ஓம் மாமா."

"இஞ்சை இல்லை."

அதோடு இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். கத்தரீனா வந்து சாப்பிடக் கூப்பிட்டால்தான் இருவருக்கும் விடுதலை.

மாடு காணாமல் போனதும் கேதீஸ்வரி தொலைபேசியில் அழுதார். கத்தரீனாதான் வழி சொன்னார். "அழாதையுங்கோ. பாலைதீவு அந்தோனியாரிட்டை நேர்ந்து விடுங்கோ. துலைஞ்சதைக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறதுதான் அவரின்ரை வேலை."

கேதீஸ்வரி பிள்ளையாருக்கும் சொல்லிவைத்தார், அந்தோனியாருக்கும் நேர்ந்தார். மாடு இரண்டு கிராமம் தள்ளி யாரோ ஒருவருடைய மரவள்ளித் தோட்டத்தில், போனதைவிடக் கொழுத்த உடம்போடு அகப்பட்டது. பிள்ளையாருக்கு அன்றே தேங்காய் உடைத்தாயிற்று. அந்தோனியாருக்குக் கடல் தாண்ட வேண்டும். பாலைதீவில் ஆட்கள் குடியிருப்பதில்லை. தவக்காலத்தில் திருவிழா வரும்போது குருநகரிலிருந்து படகுகள் சனத்தை ஏற்றிக்கொண்டு போகும்.

"நேர்ந்ததைச் செய்யாமல் விடேலாது. நான் வாறன்," என்றார் கேதீஸ்வரி. "ஆனால் எனக்குக் கடல் பயம். சம்மந்தியின்ரை போட்டிலை எண்டால்தான் ஏறுவன்."

தொலைபேசியை வாங்கி யாகப்பு சொன்னார். "ஓம், ஓம். வாங்கோ. ராசா மாதிரிப் போட்."

தொலைபேசியை வைத்துவிட்டு நேரே கரைக்குப் போய்ப் படகைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

அடுத்த நாள் படகு கரையேறியது. எஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டு, படகைக் கவிழ்த்துப் போட்டு, ரெசினும் பைபர் துணியும் வாங்கிவந்து யாகப்பு வேலையைத் தொடங்கினார். சந்தேகமான இடத்துக்கெல்லாம் ஒரு ஒட்டு. சந்தேகமில்லாத இடம் என்று ஒன்று இல்லாதபடியால் படகின் அடி கொஞ்ச நாளில் உலகப் படம் மாதிரி ஆகிவிட்டது. ஆபிரிக்கா மாதிரி ஒன்று நடுவில் இருந்தது. ஒட்டுப் போடுவது எதற்கென்று கேட்டவர்களுக்கு, "பெயின்ற் அடிக்க முதல் மட்டம் செய்யிறன்," என்றார்.

எஞ்சினைப் பூட்டிக் கடலில் இறக்கி அன்று பின்னேரமே தொழிலுக்குப் போனார். மறுநாள் காலையில் கணுக்கால் மறையத் தண்ணீர் நின்றது.

திரும்பவும் எஞ்சினைக் கழற்றிக் கரையேற்றினார். இந்த முறை படகை நிமிர்த்தி வைத்து, என் வீட்டுக் குழாயிலிருந்தும் அவர் வீட்டுக் குழாயிலிருந்தும் ரியூப் இழுத்துப் படகுக்குள் தண்ணீர் நிரப்பினார். உள்ளே விட்ட தண்ணீர் எங்கே வெளியே வருகிறதோ அங்கேதான் ஓட்டை. இது நல்ல யோசனைதான். யாகப்பு குனிந்து, கையில் ரொச் லைற்றோடு படகைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு சொட்டுக்கூட வெளியே வரவில்லை. பகல் போய்ப் பின்னேரமும் ஆகியது. ஒழுங்கைப் பிள்ளைகள் படகுக்குள் குதித்துக் குளித்தார்கள். எங்கள் இரண்டு வீட்டிலும் அன்றைக்குச் சமையலுக்குத் தண்ணீர் இல்லை.

யாகப்பு வேலியோரமாக வந்து நின்றார். வாழ்க்கையில் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினார்.

"இதென்ன அநியாயம். வெளியிலை நிக்கிற தண்ணி உள்ளுக்கை வருது. உள்ளுக்கை விட்ட தண்ணி வெளியாலை போகமாட்டன் எண்டு நிக்குது."

"அப்ப ஒழுக்கு இல்லைத்தானே அண்ணை," என்றேன் நான். ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன். அவர் என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

கத்தரீனா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. சம்மந்தி புதுச் செருப்பு வாங்கிவிட்டதாக ஜெசிதா சொல்லியிருந்தாள். கத்தரீனா கணவனிடம் கேட்காமலே மருமகனைத் தொலைபேசியில் பிடித்தார்.

"தம்பி, உங்கடை கிணத்துக்குப் பூட்டிற மாதிரி போட்டுக்கும் தண்ணி இறைக்கிற மோட்டர் ஒண்டு இருக்காமெல்லோ?"

"ஓம் மாமி. சின்ன மோட்டர். பற்றரியிலை வேலை செய்யும். அடியிலை வைச்சு விட்டால், தண்ணி ஏற மிதப்பொண்டு எழும்பித் தானே ஓடும், வத்தினால் தானே நிக்கும்."

"அதை வாங்கிக்கொண்டு வாங்கோ. மாமாவுக்கு நான் சொல்லேல்லை. நீங்களாக் கொண்டுவந்த மாதிரி இருக்கட்டும்."

மயூரதன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினான். பின்னால் ஒரு பெட்டி, தோட்டத்தில் மிஞ்சிய குழாய்ச் சுருள், துளை போடுகிற மெசின். யாகப்பு படகருகில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"உங்கடை பக்கம் மழையோ?"

"இல்லை மாமா. உங்கடை போட்டுக்கு ஒரு மோட்டர் கொண்டுவந்தனான்."

"போட்டிலை ஏற்கெனவே மோட்டர் இருக்கு. யமகா."

"அது ஓடுற மோட்டர். இது தண்ணி இறைக்கிறது."

"இஞ்சை ஆர் தண்ணி இறைக்கிறது? கொஞ்சம் வேர்க்கும், அவ்வளவுதான்."

"அந்த வேர்வையை இறைக்கட்டும் மாமா," என்றான் மயூரதன். அவன் முகத்தில் சிரிப்பு எதுவும் இல்லை. யாகப்பு அவனைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு வலையைக் கீழே வைத்தார்.

வேலை தொடங்கியதும் யாகப்பு மறுப்புச் சொல்லவும் தொடங்கினார். மோட்டரை அந்த இடத்தில் வைக்கக்கூடாது, காலில் தட்டுப்படும். பற்றரியை இந்த இடத்தில் வைக்கக்கூடாது, உப்புத் தண்ணீர் தெறிக்கும். வயர் சிவப்பாக இருக்கக்கூடாது, கண்ணைக் குத்தும். மயூரதன் எல்லாவற்றுக்கும் "ஓம் மாமா" என்று சொல்லிவிட்டுத் தன்பாட்டில் வேலையைச் செய்தான். அவன் படகின் பக்கத்தில் குழாயை வெளியே விடுவதற்கு ஓட்டை போட மெசினைப் பிடித்தபோதுதான் யாகப்பு எழுந்து நின்றுவிட்டார்.

"ஒழுகிற... வேர்க்கிற போட்டிலை நீர் இன்னொரு ஓட்டை போடப்போறீரோ?"

"தண்ணி வெளியாலை போக வழி வேணுமெல்லோ மாமா."

"அப்பிடியெண்டால் மேலை போடும். உது பதிவாக் கீழை கிடக்கு."

"மேலை போட்டால் மோட்டருக்குக் கஷ்டம். தண்ணியைத் தூக்கிற உயரம் குறையக் குறையத்தான் அது கனக்க இறைக்கும். தோட்டத்திலை நாங்கள் எப்பவும் குழாயைப் பதிச்சுத்தான் விடுறனாங்கள்."

அன்றைக்கு யாகப்பு சொன்ன மறுப்புகளில் சரியானது இது ஒன்றுதான். அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் பிறகு நடந்தது எதுவும் நடந்திருக்காது. ஆனால் தண்ணீர் தூக்குகிற உயரம் என்று மருமகன் கணக்குச் சொன்னதும் அவருக்கு அது தெரியாது என்று காட்டிக்கொள்ள மனம் வரவில்லை.

"அது எனக்குத் தெரியும்," என்றார். "நீர் சரியாச் சொல்லுறீரோ எண்டு பாத்தனான்."

ஓட்டை பதிவாகவே விழுந்தது.

பின்னேரம் பரீட்சித்துப் பார்த்தார்கள். ஒரு வாளி தண்ணீரைப் படகுக்குள் ஊற்ற, மிதப்பு எழும்பியது, மோட்டர் உறுமியது, பக்கத்து ஓட்டையால் தண்ணீர் பீய்ச்சி அடித்து நின்றுகொண்டிருந்த நாய் ஒன்றை நனைத்தது. அடி வற்றியதும் மோட்டர் தானாக நின்றது. யாகப்பு வாயைத் திறந்தபடி நின்றார். "இன்னொருக்கால் ஊத்தும்," என்றார்.

மயூரதன் புத்தூருக்குப் போன பிறகும் அவர் ஊற்றிக்கொண்டேயிருந்தார். தன் படகுக்குள் தண்ணீர் வருவதைப் பல வருடம் மறைத்த மனிதர், இப்போது ஊரைக் கூப்பிட்டு வைத்துத் தானே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். ஐஸ் கொண்டுவருபவருக்குக் காட்டினார். சேர்ச்சுக்குப் போகிறவர்களைப் பாதியில் மறித்துக் காட்டினார். பிலிப்புவைக் கூப்பிட்டு இரண்டு தரம் காட்டினார். பிலிப்பு நிமிராத முதுகைத் தடவிக்கொண்டு போனார். மோட்டருக்குப் பற்றரி வேண்டும் என்பதும் பற்றரிக்குச் சார்ஜ் வேண்டும் என்பதும் அந்த வாரம் முழுக்க யாருக்கும் நினைவில் இல்லை.

திருவிழா நாள் காலை இறங்குதுறை நிறையச் சனம். கேதீஸ்வரி புதுச் செருப்போடு, நெற்றியில் திருநீறோடு, அந்தோனியாருக்கு ஒரு கட்டு மெழுகுதிரியும் மாட்டுப் பாலில் செய்த பாற்சோறு ஒரு சட்டியும் கொண்டுவந்தார். ஜெசிதாவுக்கு வேலை நாள், அதனால் அவள் வரவில்லை. மயூரதன் தாயைப் பிடித்து ஏற்றினான். வழிக்கு ஒரு பானை கஞ்சியோடு கத்தரீனா, நான், ஒழுங்கையில் இன்னும் ஆறேழு பேர். கடைசியாகப் பிலிப்பு ஏறினார். அவர் போகும் படகில் இடமில்லையாம். கையில் வெட்டின கான் இருந்தது.

"அதேன்?" என்றார் யாகப்பு.

"பழக்கத்திலை கொண்டுவந்திட்டன் அண்ணை."

நேவிப் பொடியள் எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துப் போக விட்டார்கள். யாகப்பு பின்னால் எண்ணெய்த் தாங்கிக்குப் பக்கத்தில் தன் வழக்கமான இடத்தில் இருந்து எஞ்சினை இழுத்தார். படகு புறப்பட்டது.

கரை மறைய முன்னமே மோட்டர் உறுமியது. "ஆ, பாத்தியளோ," என்றார் யாகப்பு. அது கொஞ்சநேரம் ஓடி நின்றது. கொஞ்சநேரத்தில் திரும்ப ஓடியது. நின்றது. ஓடியது. ஒவ்வொரு தரமும் ஏறியிருந்தவர்கள் மெச்சினார்கள். இவ்வளவு தண்ணீரை இறைக்கிற மோட்டர் எவ்வளவு நல்ல மோட்டராக இருக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். யாகப்பு மருமகனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவனுக்கு அவர் கொடுத்த முதல் பாராட்டு அதுதான். மயூரதன் வெட்கத்தோடு கடலைப் பார்த்தான்.

கேதீஸ்வரி மட்டும் கடலைப் பார்க்கவில்லை. அவருக்குக் கடல் பயம், அதனால் படகின் அடியையே பார்த்துக்கொண்டு வந்தார். வாழ்நாள் முழுக்கக் கிணற்றிலிருந்து வருகிற தண்ணீர் எந்த வாய்க்காலில் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்த கண்.

"தம்பி," என்றார் மகனிடம். "மோட்டர் நிக்கிற நேரம் உந்தக் குழாயாலை தண்ணி உள்ளுக்கையெல்லோ வருது."

"இல்லை அம்மா, வெளியாலைதான் போகும்."

"ஓடேக்கை வெளியாலை போகுது. நிண்டோடனை உள்ளுக்கை வருது. நான் அஞ்சாறு தரம் பாத்திட்டன்."

மயூரதன் பக்கத்தால் எட்டிப் பார்த்தான். கரையில் வெறும் படகாக நின்றபோது நீர்மட்டத்துக்கு மேலே இருந்த ஓட்டை, இத்தனை பேர் ஏறியதில் பாரம் தாழ்ந்து கடலுக்குள் போயிருந்தது. மோட்டர் தண்ணீரை வெளியே தள்ளியது. மோட்டர் நின்றதும் கடல் அதே குழாயால் உள்ளே வந்து படகை நிரப்பியது. நிரம்பியதும் மோட்டர் திரும்ப ஓடியது. புறப்பட்டதிலிருந்து அவர்கள் ஒரே தண்ணீரை இறைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

அவன் வாயைத் திறப்பதற்குள் மோட்டர் ஒரு முக்கல் முக்கி நின்றது. பற்றரி செத்துவிட்டது.

இப்போது தண்ணீர் நிற்காமல் வந்தது. புதுச் செருப்பு மிதக்கத் தொடங்கியது. எல்லோரும் யாகப்புவைப் பார்த்தார்கள். யாகப்பு ஆகாயத்தைப் பார்த்தார். பிலிப்பு யாரையும் பார்க்காமல் கானை எடுத்து அள்ளத் தொடங்கினார். கத்தரீனா கஞ்சிப் பானையைக் கவிழ்த்துவிட்டு அதனால் அள்ளினார். நான் என் தொப்பியால் அள்ளினேன்.

"மாமா, குழாயைக் கழட்டட்டோ?"

"கழட்டினால் ஓட்டையெல்லோ நேரே திறக்கும்," என்று கத்தினார் யாகப்பு.

"போட்டின்ரை பக்கத்திலை கழட்டாதை, மோட்டரிலை கழட்டு," என்றார் கேதீஸ்வரி. பாற்சோற்றுச் சட்டியை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். "கழட்டிப்போட்டு வாயை மேலை தூக்கிப் பிடி. வாய்க்காலுக்குத் தண்ணி போதுமெண்டால் குழாயைத் தூக்கித்தானே பிடிக்கிறனாங்கள். மறந்துபோனியே?"

மயூரதன் தண்ணீருக்குள் கையை விட்டுக் குழாயை மோட்டரிலிருந்து பிடுங்கினான். பிடுங்கிய நுனியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். குழாயால் வந்த தண்ணீர் நின்றது.

உண்மையில் படகின் விளிம்புக்கு ஒரு சாண் மேலே பிடித்தாலே போதும். இருந்துகொண்டே பிடிக்கலாம். அதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. யாகப்புவுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் வாய் திறக்கும் நிலையில் அவர் இல்லை. மயூரதன் கால்களை அகட்டி ஊன்றி, கையை வானத்துக்கு நீட்டி, பச்சைக் குழாயைப் பிடித்தபடி நின்றான். பக்கத்தால் போன ஒரு படகில் செபமாலை சொல்லிக்கொண்டு போனவர்கள் இவனைப் பார்த்து நிறுத்தினார்கள். இது ஏதோ கடுமையான நேர்த்திக்கடன் என்று நினைத்து இரண்டு பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

பிலிப்பு அள்ளி அள்ளி அடி தெரிகிற நேரத்தில், பின்பக்கத்தால் இன்னும் தண்ணீர் ஊறுவதை நின்றபடி பார்த்துக்கொண்டிருந்த மயூரதன் சொன்னான்.

"மாமா, எஞ்சினைக் கொஞ்சம் மெதுவாக்குங்கோ."

யாகப்பு மெதுவாக்கினார்.

"இப்பக் கூட்டுங்கோ."

கூட்டினார்.

"திரும்ப மெதுவாக்குங்கோ. மாமா, ஒருக்கால் எழும்பி அந்த எண்ணெய்த் தாங்கியைத் தள்ளுங்கோ."

எண்ணெய்த் தாங்கியைத் தள்ளியதும் எல்லோரும் பார்த்தோம். எஞ்சின் பூட்டுகிற பின்பலகையும் படகின் அடியும் சேருகிற மூலையில் மயிர் மாதிரி ஒரு வெடிப்பு. எஞ்சின் வேகமாகத் தள்ளும்போது அது வாயைத் திறந்து தண்ணீர் குடித்தது. மெதுவாக்கினால் வாயை மூடிக்கொண்டு ஒன்றும் அறியாத மாதிரி இருந்தது. எஞ்சினைக் கழற்றிவிட்டுக் கரையில் தண்ணீர் நிரப்பினால் எப்படித் தெரியும்? இத்தனை வருடமாக யாகப்பு அதற்கு மேலேதான் இருந்திருக்கிறார்.

படகு மெதுவாக ஆடியது. பிலிப்பு கானைக் கீழே வைத்தார். யாகப்பு குனிந்து விரலால் அந்த வெடிப்பைத் தடவினார்.

"ஒழுகுதுதான்," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் கத்தரீனா கையில் பானையோடு அப்படியே நின்று அவரைப் பார்த்தார். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் ஒரு விஷயத்தை ஒத்துக்கொண்டதை அன்றைக்குத்தான் கண்டார் என்று பிறகு என்னிடம் சொன்னார்.

மீதித் தூரத்தை நத்தை வேகத்தில் போனோம். பாலைதீவில் இறங்கும்போது பூசை பாதி முடிந்திருந்தது. மயூரதனுக்குக் கை இறங்கவில்லை. கேதீஸ்வரி அந்தோனியாரின் காலடியில் பாற்சோற்றை வைத்து, சிவபெருமானைக் கும்பிடுகிற மாதிரியே தலைக்கு மேலே கை கூப்பிக் கும்பிட்டார். மாட்டைத் தந்ததற்கும், கரை சேர்த்ததற்கும்.

யாகப்பு கும்பிடப் போன இடத்தில் வேறு ஒன்றைக் கண்டார். அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் எரிந்து முடிந்த மெழுகுதிரிக் கட்டைகள் குவிந்து கிடந்தன. அவர் மருமகனைச் சுரண்டினார். கொஞ்ச நேரத்தில் மாமனும் மருமகனும் குந்தியிருந்து மெழுகு பொறுக்கி மயூரதனின் சால்வையில் கட்டுவதைக் கத்தரீனா கண்டுவிட்டார்.

"என்ன இது? அந்தோனியாருக்குக் கொளுத்தின திரி."

"அவர்தானே ஒழுக்கைக் கண்டுபிடிச்சவர்," என்றார் யாகப்பு. "அடைக்கிறதுக்கும் அவரே குடுக்கட்டும்."

கஞ்சிப் பானையில் மெழுகை உருக்கி, கிழித்த சாரத் துணியைத் தோய்த்து, வெடிப்புக்குள் கரண்டிக் காம்பால் இடித்து ஏற்றினார்கள். யாகப்பு பிடிக்க மயூரதன் இடித்தான், பிறகு மயூரதன் பிடிக்க யாகப்பு இடித்தார். பிலிப்பு ஒரு கட்டையைச் சீவிக் குழாய் ஓட்டைக்கு ஆப்படித்தார். திரும்பி வரும்போது படகில் ஒரு சிரட்டைத் தண்ணீர்தான் சேர்ந்தது. எல்லோருக்கும் மெழுகு மணத்தது.

அடுத்த கிழமை படகு திரும்பவும் கரையேறியது. மயூரதன் தோட்டத்தைத் தாயிடம் விட்டுவிட்டு வந்து குருநகரில் தங்கினான். பின்பலகையின் உள் மரம் உக்கிப்போயிருந்தது. வெட்டி எடுத்து, புதுப் பலகை வைத்து, மூலையெல்லாம் பைபர் போட்டார்கள். பழைய ஓட்டையை அடைத்துவிட்டு, குழாயை விளிம்பு வரை தூக்கி வளைத்து, அங்கே புது ஓட்டை போட்டார்கள். பாரம் ஏற்றினாலும் கடல் எட்டாத உயரம். இந்த உயரத்துக்குத் தூக்கினால் மோட்டர் கொஞ்சம் குறைவாகத்தான் இறைக்கும் என்றான் மயூரதன். "இறைக்கட்டும்," என்றார் யாகப்பு, "உள்ளுக்கை வராமல் இருந்தால் காணும்."

வியாழக்கிழமை கத்தரீனா நண்டுக் கறி வைத்தார். மயூரதன் வெள்ளிக்கும் சேர்த்துத் தின்றான்.

பிலிப்பு பழையபடி யாகப்புவோடு தொழிலுக்கு வந்துவிட்டார். அள்ளுவதற்கு ஒன்றும் இல்லாதபடியால் ஆரம்பத்தில் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கஷ்டப்பட்டார். யாகப்புவுக்கும் ஒரு மனக்குறை இருந்தது. ஒழுக்கு நின்றுபோனதால் மோட்டர் ஓடுவதே இல்லை. யாருக்குக் காட்டுவது?

அந்தக் குறை இப்போது வேறு வழியில் தீர்கிறது. கடலுக்குப் போகாத நாட்களில் அவர் பஸ் ஏறிப் புத்தூருக்குப் போய்விடுகிறார். வெங்காயத் தறைக்கு நடுவில், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கிணற்று மோட்டரின் குழாயை எவ்வளவு உயரத்தில் வைக்க வேண்டும் என்று மருமகனுக்குச் சொல்லிக்கொண்டு நிற்கிறார். போன முறை அவர் சொன்னபடி உயர்த்தி வைத்ததில் அரைத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஏறவில்லை. கேதீஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவர் குடிக்கிற நேரம் பார்த்துக் குழாயைத் தாழப் பதித்து வைத்துவிட்டுப் போனார்.